எழும்பிய மேட்டு வயல்

வயல்களில் சாணிக்கரைசல் தெளிக்க அரசாங்கம் போடும் குளிர்காலத் தடை நீங்கிய வாரம், ஒரு வியாழக்கிழமை காலையில், கோல்மன் மரினனின் மேட்டு வயல் தரையை விட்டு முழங்கால் உயரம் எழும்பி நின்றது. வேலியோரத்தில் மண் ஒழுங்காகப் பிரிந்திருந்தது, புல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொழுவத்துக்கு அடியிலிருக்கும் தொட்டியிலிருந்து வயல்வரை போட்டிருந்த தெளிப்புக் குழாய்தான் அதைப் பிடித்து வைத்திருந்தது. பால் எடுக்க வந்த லாரிக்காரர் சற்று நேரம் பார்த்தார். மேற்குக் காற்று இருக்கிறவரை பயமில்லை, கிழக்குக் காற்று கிளம்பினால் வயல் கடலுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் பாலை ஏற்றிக்கொண்டு போனார்.

அந்தக் குழாயை எங்கள் க்ளேர் கடற்கரைப் பக்கம் தொப்புள்கொடி என்பார்கள், சுருக்கமாகக் கொடி. ஒரு முனை தொட்டியோரத்துப் பம்பில், மறுமுனை டிராக்டரின் முதுகில். டிராக்டர் போகும் இடமெல்லாம் கொடி பின்னாலேயே ஊர்ந்து வரும், பம்பு தள்ளுகிற கரைசல் புல்லில் இறங்கும், கரைசல் ஏற்றிய கனமான டேங்கர் வயலுக்குள் வரவே வேண்டாம். கொடி வாங்குவதற்கு முன்பெல்லாம் கோல்மனுக்கு உல்ட்டன் டால்ட்டிதான். சொந்த டேங்கர் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கத் தெளித்துக் கொடுத்த காண்ட்ராக்டர், கோல்மனின் மனைவி டெலியாவுக்கு ஒரே அண்ணன். எப்போது வருவார் என்று கேட்டால் நாளைக்குக் காலையில் என்பார். எந்த நாளை என்று கேட்கிறவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். வந்துவிட்டாலோ தெளித்து முடித்து, டெலியாவின் சமையலறையில் பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் ஒரு பிடி பிடித்து, இருட்டும்வரை கதையடித்துவிட்டுத்தான் கிளம்புவார். டெலியாவுக்கு வருஷத்தில் அதுதான் பண்டிகை.

ஒரு வருஷம் உல்ட்டனின் நாளை வந்துசேர்வதற்குள் தொட்டி நிரம்பி மாடுகளின் குளம்பு நனைந்தது. வந்த டேங்கரும் ஈர நிலத்தை உழுததுபோல் ஆக்கிவிட்டுப் போனது. கோல்மன் கொடி வாங்கினார், டேங்கர் நிலத்தை அமுக்கிக் கொல்கிறது என்று சந்தையில் நாலு பேரிடம் சொல்லவும் செய்தார். அதைக்கூட உல்ட்டன் மன்னித்திருப்பார். மன்னிக்க முடியாதது அடுத்த ஞாயிறு தேவாலய வாசலில் நடந்தது. கீழ்வயலை மட்டும் வந்து தெளித்துக் கொடுக்கிறாயா என்று கோல்மன் கேட்டார், வேண்டாம் என்றார் உல்ட்டன், சரி என்றார் கோல்மன். எங்கள் ஊரில் முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாம், கேட்கிறவர் மனதாரக் கேட்கிறாரா என்று பார்ப்பதற்கு. மூன்றாம் தடவை கேட்டால்தான் பதில். ஒரு கோப்பைத் தேநீருக்கே இந்த வழக்கம் என்றால் தெளிப்பு வேலைக்கு என்ன சொல்ல? கோல்மன் களைப்பில் இருந்தார், சரி என்று வாயில் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற டெலியாவின் முகம் வெளுத்ததை ஊரே பார்த்தது. அதன்பின் உல்ட்டன் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பூசைக்கு வந்தாலும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்.

வருஷங்கள் போயின. கொடி ஊர்ந்தது, புல் செழித்தது, நிலம் பஞ்சாகி மூச்சு விட்டது. மேட்டு வயலின் மேல் கனம் என்று எதுவும் ஏறவில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாக லேசாகிக்கொண்டே வந்திருக்கிறது, கோல்மன் அதை நல்ல விளைச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எழும்பிய பிறகுதான் யோசித்தார். இத்தனை காலமும் அதைத் தரையில் வைத்திருந்தது உல்ட்டனின் டேங்கர்தான் என்று புரிந்தது. அந்த வயல் போனால் பாதி மாடுகளை விற்க வேண்டும். வெள்ளிக்கிழமை வானொலியில் கிழக்குக் காற்று வரும் என்று சொன்னார்கள். டெலியா கோட்டை மாட்டிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தாள்.

உல்ட்டனின் சமையலறை ஜன்னலிலிருந்து மேட்டு வயலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"உன் டேங்கரைக் கொண்டாந்து வயல் மேல ஏத்தணும், உல்ட்டன்," என்றார் கோல்மன்.

"அதெல்லாம் வேண்டாம். உங்கிட்டதான் கொடி இருக்கே."

கோல்மனின் கால் தானாகக் கதவுப் பக்கம் திரும்பியது. டெலியா கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"கொடி தாங்காது. நீதான் வரணும்," என்றார் கோல்மன்.

"வேண்டாம்பா. என் டேங்கர் ரொம்பக் கனம்னு சந்தைல யாரோ சொன்னாங்க."

"நாந்தான் சொன்னேன். கனந்தான். அந்தக் கனந்தான் இப்ப வேணும்." கோல்மன் தொப்பியைக் கையில் திருகினார். "வா மச்சான். நீ வராத வீட்ல இவ பண்டிகையே கொண்டாடறதில்ல."

உல்ட்டன் அடுப்பைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார்.

"இவ்வளவு தூரம் சொல்றே. நாளைக்குக் காலைல வந்துடறேன்."

டெலியா அழுதுவிட்டாள், சந்தோஷத்திலா சந்தேகத்திலா என்று கோல்மனுக்குத் தெரியவில்லை. ஆனால் உல்ட்டன் சொன்ன நாளைகளிலேயே மறுநாள் விடிந்த நாளை அது ஒன்றுதான். டேங்கர் நிறைய கரைசலோடு வந்தார். கிழக்குக் காற்று கிளம்பியிருந்தது, கொடி விறைத்து முனகிக்கொண்டிருந்தது. தடித்த மரக்கட்டைகளைச் சாய்த்துப் போட்டார்கள், டிராக்டர் டேங்கரை இழுத்துக்கொண்டு மெதுவாக ஏறியது. நடு வயலுக்குப் போனதும் வயல் ஒரு பெருமூச்சு விட்டு இறங்கி, வேலியோரம் பொருந்தி உட்கார்ந்தது. ஓரமெல்லாம் தண்ணீர் கசிந்து தவளைகள் வெளியே குதித்தன. டேங்கர் அச்சுவரை புதைந்துபோனது. டிராக்டரைக் கழற்றிக் கொண்டுவர முடிந்தது, டேங்கரை அசைக்க முடியவில்லை. மூவரும் நடந்தே சாப்பிடப் போனார்கள்.

டேங்கரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உல்ட்டன் தினமும் மதியம் வர ஆரம்பித்தார், பார்த்த கையோடு மேஜையில் உட்கார்ந்தார். கோல்மன் ஒவ்வொரு ஜனவரியிலும் அதைச் சுற்றிக் கொடியை இழுத்துத் தெளித்தார். சில வருஷங்களில் வால்வு துருப்பிடித்துக் கரைசல் முழுக்கக் கசிந்துவிட்டது, தகடு ஓட்டையாகி உள்ளே குருவி கூடு கட்டியது. வயல் அசையவில்லை. குடலிறக்க அறுவைக்காக உல்ட்டன் லிமெரிக் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மட்டும் அது ஒரு சாண் எழும்பி நின்றது, அடியில் முயல்கள் ஓடின. அவர் வீடு திரும்பிய அன்று இறங்கியது. ரோட்டில் போன பக்கத்துப் பண்ணைக்காரர் இறங்கிய வயலைப் பார்த்து, உல்ட்டனை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

ஒரு நாள் உல்ட்டனே டேங்கரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து வாசலிலேயே நின்றார்.

"உள்ள ஒண்ணுமே இல்ல டெலியா. வெறும் தகரம். நான் தினம் வந்து பாக்க வேண்டியதே இல்ல போல."

"உக்காரு," என்றாள் டெலியா. "நீ வரலன்னா வயல் கெளம்பிடும்."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, சூடு ஆறாத உருளைக்கிழங்கின் தோலை உரிக்கத் தொடங்கினார்.