சாரன் கட்டிய பல்கனி

கல்முனையில் கடற்காற்றின் விலை ஒரு பேர்ச் காணிக்குப் பதினைந்து இலட்சம். மகள் ஸம்றாவுக்குச் சீதன வீடு கட்டுவதற்காக மீராமுகைதீன் ஹாஜியார் அந்தக் காற்றில் பத்துப் பேர்ச் வாங்கினார். பல்கனிக்கு ஸ்டெயின்லெஸ் கைப்பிடி பூட்டியது வெல்டிங் கடை பஹ்மி. ஒரு மாதம் ஆகவில்லை, கைப்பிடியின் இருபது கால்களிலும் தேயிலைச் சாயம் தெறித்தாற்போல் துருக்கறள். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வருகிறார்.

"கறள் பிடிக்காது எண்டுதானே காசு வாங்கின?" ஹாஜியார் கத்தினார். "வெள்ளிக்கு முன்ன வெளுக்கல்லயெண்டா எல்லாத்தையும் கழட்டி உன்ட கடை வாசல்ல போடுவன். பொறகு உனக்கு ஆரு வேல தாறான் எண்டு பாப்பம்."

பஹ்மி சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கம்பியில் வைத்தான். ஒட்டாமல் விழுந்தது.

"கம்பி அசல், ஹாஜியார். கேற்றை எங்க வெச்சு வெட்டினீங்க?"

ஹாஜியார் பல்கனிக்கு நேர் கீழே பார்த்தார். மலிவாகக் கிடைத்த வேறோர் ஆளைக் கொண்டு வாசலுக்கான இரும்புக் கேற்றை அங்கேதான் வெட்டுவித்திருந்தார்.

"அந்தக் கிரைண்டர்ப் பொறி காத்துல ஏறி இதுல வந்து குந்தியிரிக்கி. கறள் பிடிக்கிறது அந்த இரும்புத் தூள். அதக் கரைச்சு எடுத்தா, கம்பி காத்துப் பட்டுத் தானாப் புதுத் தோல் கட்டும்."

"என்னத்தால கரைப்ப?"

"நோன்பு திறக்கக்குள்ள குடிக்கிற சர்பத்துக்குப் புளிப்பு எதால?"

சிற்றிக் அமிலத் தூளைச் சுடுநீரில் கரைத்து, பழைய மருதமுனைக் கைலிச் சாரன் துண்டுகளை அதில் நனைத்துக் கால்களில் சுற்றினான். சுன்னத்து முடிந்து சாரன் கட்டிய பிள்ளைகளைப் போல அவை வரிசையாக நின்றன. காயவிடாமல் ஊற்றி ஊற்றி, பிறகு நைலோன் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவினான். கறள் சாரனோடு போயிற்று. கடைசிக் காலை மட்டும் அவன் தொடவில்லை.

"இத ஏன்டா விட்ட?"

"அது வெள்ளிக்கு வாற மாமிக்கு."

வெள்ளிக்கிழமை ஆயிஷா உம்மா, மாப்பிள்ளையின் தாய், நேரே அந்தக் கழுவாத காலில்தான் கைவைத்தார். "என்ன ஹாஜியார், புது வீட்டுல கறள்?"

ஹாஜியார் பஹ்மியை முறைத்தார். பஹ்மி சிரித்தான். "எல்லாம் இப்பிடித்தான் இரிந்திச்சி மாமி. மத்ததுகளத் தொட்டுப் பாருங்க."

அவர் ஒவ்வொன்றாகத் தன் வெள்ளைக் கைலேஞ்சித் துணியால் அழுத்தித் துடைத்தார். கைலேஞ்சி வெள்ளையாகவே இருந்தது.

"எங்கட படிக் கைப்பிடியும் இப்பிடித்தான் கெடக்கு மனே. கழட்டி எறியத்தான் இரிந்தன். எப்ப வாற?"

"அப்ப... வீடு?" ஹாஜியார் மெல்லக் கேட்டார்.

"வீட்டுக்கு என்ன, மாஷா அல்லாஹ்!"

அன்று பின்னேரமே, கைப்பிடியைப் பார்க்கவேண்டும் என்று பக்கத்து வீட்டாரும் படியேறினார்கள். மொத்தம் இருபது கால். வெளுத்தது பத்தொன்பது. பாக்கி ஒன்று; வேலை கொடுக்க ஆட்கள் வந்து முடியும்வரை அதைக் கழுவுவதாகப் பஹ்மிக்கு உத்தேசமில்லை.