ஆட்டியும் அடிக்காத மணி

சனிக்கிழமைகளில் நான் கணக்குப் படிப்பிக்கும் ரஷ்யப் பள்ளிக்கூடம் ரொறன்ரோவில் தொடங்கி எழுபது வருடத்துக்கு மேலாகிறது. நான் குடியிருக்கும் மல்வேர்னில் இருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. சோவியத் காலத்தில் புலமைப்பரிசில் கிடைத்துக் கார்கிவ் நகரத்தில் பொறியியல் படித்தவள் நான். அந்த நகரம்தான் எனக்கு ரஷ்ய மொழியைத் தந்தது. கனடாவில் என் பொறியியல் எடுபடவில்லை, மொழி எடுபட்டது.

பள்ளிக்கூடத்தின் சரித்திரத்தை அதன் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். புரட்சிக்குத் தப்பி வந்தவர்கள் தொடங்கியபோது ரஷ்ய மன்னரின் படம் தொங்கியதாம். பிறகு சோவியத் யூதர்கள் வந்தார்கள். மன்னரையும் இறக்கி, காலைச் செபத்தையும் நிறுத்தினார்கள். சோவியத் உடைந்தபின் வந்த எஞ்சினியர்மார் ரஷ்யாவின் பெரிய வரைபடம் ஒன்றை மாட்டினார்கள். 2022இல் ரஷ்யா கார்கிவ் பக்கம் படையெடுத்தபோது, எல்லைக்கோடு எங்கே என்று பெற்றோர் அடிபடப் பார்க்க, அதிபர் கலீனா அதையும் கழற்றினார். இப்போது அங்கே ஆணிதான் மிச்சம்.

யாரும் சண்டை பிடிக்காத ஒரே பொருள் பித்தளை மணி. செப்டெம்பரில் முதல் நாள், மேல் வகுப்பு மாணவன் ஒருவன் ஆகச் சின்னப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றுவான். பிள்ளை மணியை ஆட்டும். மணி அடித்தால்தான் வகுப்பு.

நான் படிப்பிக்கும் மேல் வகுப்பில் இந்த வருடம் மிஞ்சியவன் தனீலோ மட்டும். கார்கிவ் பையன். ரஷ்யக் குண்டு விழத் தொடங்கியதும் தாயோடு வந்தவன். தகப்பன் இன்னும் போர்முனையில். அவர்களும் வீட்டில் ரஷ்ய மொழி பேசி வளர்ந்தவர்கள்தான். என் கணக்குக்காகத் தாய் அனுப்பினாள். ஆகச் சின்னப் பிள்ளை வார்யா. அவளுடைய குடும்பம் போன வருடம் மொஸ்கோவில் இருந்து வந்தது. அவளைத் தூக்கிச் சுற்றத் தனீலோ சம்மதிப்பானோ என்று கலீனாவுக்குப் பயம்.

"நீங்கள் சொன்னால் கேட்பான், பேர்ணடெற்," என்றார் கலீனா. அவருடைய ரஷ்ய மொழி என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். "உங்களுக்கும் யுத்தம் தெரியும்தானே. இது வெறும் மொழி, அரசியல் இல்லை எண்டு சொல்லுங்கோ. அவனும் போனால் மேல் வகுப்பை மூடவேணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யுத்தம் தெரிந்தவள் என்றால் அடுத்தவனின் வாயை அடைக்கவும் தெரிய வேண்டுமா? ஆனால் அவன் போய்விடக்கூடாது என்று நானும் மன்றாடினேன். அவன் இருக்கும்வரை கார்கிவ் என்னைக் கைவிடவில்லை என்று ஓர் ஆறுதல்.

என் கணவர் சீமோனிடம் சொன்னேன்.

"நீர் ஒண்டும் சொல்லப் போகாதையும்," என்றார். "எங்கட யுத்த நேரம் ஆரும் வந்து சிங்களம் வெறும் மொழி எண்டு சொல்லியிருந்தா, நீர் விட்டிருப்பீரோ?"

தனீலோவிடம் நான் அதைப் பற்றிப் பேசவில்லை. முதல் நாள் சனிக்கிழமை அவன் தானாகவே வந்தான். குனிந்து, "பயப்பிடாத, விழுத்தமாட்டன்," என்று வார்யாவைத் தூக்கினான். கலீனாவின் முகம் மலர்ந்தது. எனக்கும் போன மூச்சு திரும்பி வந்தது.

வார்யா மணியை ஆட்டினாள். சத்தம் வரவில்லை. பார்த்தால், தனீலோ ஒரு கையை மேலே நீட்டி, மணிக்குள் விரலை விட்டு அதன் நாக்கை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"தனீலோ, கையை எடு," என்றார் கலீனா.

"என்ர சித்தியின்ர மகள் இப்ப கார்கிவில நிலத்துக்குக் கீழ, மெற்றோ ஸ்ரேசனிலதான் படிக்கிறாள்," என்றான், குரலை உயர்த்தாமல். "மேல குண்டு போடுற ஆக்களும் இந்த மொழிதான் கதைக்கினம். பிள்ளையைத் தூக்குவன். மணி அடிக்க விடமாட்டன்."

வார்யாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மணி பழுதாக்கும் என்று நினைத்து, "ஜின்! ஜின்! ஜின்!" என்று மணிச் சத்தத்தை வாயாலேயே கத்தத் தொடங்கினாள். பெற்றோர் சிலர் சிரித்தார்கள். தனீலோ சிரிக்கவில்லை. கண்ணீர் ஓட ஓட முழுச் சுற்றும் நடந்து, அவளைப் பக்குவமாக இறக்கிவிட்டான். மணியை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"ரீச்சர், கார்கிவில எங்க இருந்தனீங்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். அவன் என்னோடு ஆங்கிலத்தில் பேசியது அதுதான் முதல் தடவை.

"பல்கலைக்கழக விடுதியில," என்றேன் ரஷ்ய மொழியில். வேறு மொழி வாயில் வரவில்லை.

"அந்த விடுதி இப்ப இல்லை," என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

கலீனா மணியை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்கள் அடியுங்கோ, பேர்ணடெற். அடிக்காமல் எப்பிடித் தொடங்கிறது?"

நான் வாங்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் முதல் தடவையாக மணி அடிக்காமல் தொடங்கியது. எல்லோரும் வகுப்புகளுக்குப் போனார்கள். எனக்குத்தான் போக வகுப்பு இருக்கவில்லை.