இரண்டாம் கியரில் பதினாறு குதிரை

“ஏட்டி உலகம்மை, குதிரையைக் கண்ணால பாக்காமலே எத்தனை இருக்குன்னு சொல்லிருவியோ?” என்று மதினி சொக்கம்மாள் ஒரு நாள் கேட்டாள்.

உலகம்மை காரின் பின்சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டாள். முன்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்து எஞ்சினைச் சுற்றினாள். கார் சாண் சாணாக நகர்ந்தது.

“கோடு ஒரு சுத்து வந்ததும் சத்தம் கொடுங்க, மதினி.”

“வந்துட்டு, வந்துட்டு! விடுட்டி, வளையல் உடைஞ்சிரப் போகுது.”

மூன்றாம் கியரில் சக்கரம் ஒரு சுற்று வர எஞ்சின் நாலரைச் சுற்றுச் சுற்றியது. இரண்டாம் கியரில் எட்டு.

1938ஆம் வருஷத்துச் சீசன் அது. அண்ணன் நல்லகண்ணு பழைய கார் ஒன்றை வாங்கித் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஆள் ஏற்றினான். இருபது குதிரைச் சக்தி என்று சொல்லி விற்றார்கள். ஏற்றத்திலோ அது மூச்சு வாங்கி நின்றது.

தரகர் தங்கசாமிக்கு அதன் மேல் ஒரு கண். “எட்டுக் குதிரைகூட மிச்சமில்ல, தம்பி. எஞ்சினை என் கிணத்துல தண்ணி இறைக்கப் போட்டுக்கிடுதேன். வெள்ளிக்கிழமை வந்து கொண்டுபோறேன்” என்றார். கார் போய்விட்டால் பிழைப்புக்குக் கொழும்புக் கப்பல் ஏறுவது என்று அண்ணன் முடிவு கட்டியிருந்தான். வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் உலகம்மை. ஐநூற்றைம்பது பவுண்டை ஒரு விநாடியில் ஓரடி தூக்கினால் அது ஒரு குதிரைச் சக்தி என்ற பாடம் மட்டும் அவளுக்கு மறக்கவில்லை. காரின் எடை காரோடு வந்த புத்தகத்தில் இருந்தது. பத்து மைல் வேகத்தில் போகிற கார் முப்பதைத் தொட எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தால், எத்தனை குதிரை இழுக்கிறது என்று தெரிந்துவிடும்.

அவள் சொன்னபடி அண்ணன் இரண்டாம் கியரிலேயே ஓட்ட, அவள் கடிகாரத்தோடு பின்னால் உட்கார்ந்தாள். குற்றாலம் போகும்போது கணக்கில் ஒன்பதுதான் வந்தது. திரும்பும்போதுதான் தலைக்கு மேலிருந்த கித்தான் கூரையைக் கவனித்தாள். போகும்போது எதிர்காற்றில் கப்பல் பாய்போலப் புடைத்திருந்தது இப்போது தொய்ந்து கிடந்தது. மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்துமூன்று!

சீசன் காரை எல்லோரும் அருவிக்குப் போகும்போதுதான் எடைபோடுவார்கள். அப்போது ஏற்றமும் சாரல் காற்றும் எதிரே நிற்கும். வரும்போது எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் தூங்கிவிடுவார்கள். கார் பறப்பதை யார் பார்த்தது? இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினாள். பதினாறு.

பின் ஏன் ஏறவில்லை? ஏற்றத்தில் கியரைக் குறைத்தால், “உழவுக்கா போறே?” என்று கார் ஸ்டாண்டில் கேலி செய்வார்கள். அந்த வெட்கத்தில் ஆள் ஏற்றிப் போகும்போது அண்ணன் மூன்றாம் கியரை விடுவதே இல்லை. சுண்ணாம்புக் கோடு காட்டியபடி அந்தக் கியரில் எஞ்சின் பாதி வேகத்தில்தான் சுற்றியது, குதிரைகள் தூங்கின.

வெள்ளிக்கிழமை தங்கசாமி வந்தார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த உலகம்மை வெளியே வந்தாள்.

“அண்ணே, கூரையை மடக்குங்க. ரெண்டாம் கியர்லயே போனா ஏழு பேரோட ஐந்தருவி ஏத்தம் ஏறும்.”

தரகர் சிரித்தார். “ஏறலைன்னா?”

“காரைக் கொண்டுபோங்க, அண்ணாச்சி.”

மதினியும் உலகம்மையும் ஏற, தரகரும் ஏறி உட்கார்ந்தார். ஸ்டாண்டிலிருந்து மூன்று தடியர்கள் வேடிக்கைக்கு ஏறிக்கொண்டார்கள். குற்றாலம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ஒருவன், “ஏலே நல்லகண்ணு, கலப்பையை எங்கலே?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சாரல் முகத்தில் அறைந்தது. வளைவில் எஞ்சின் அலறியது. அண்ணனின் கை மூன்றாம் கியருக்கு மாற்றப் போனது.

“தொடாதீக!” என்று உலகம்மை கத்தினாள். அவள் அப்படிக் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

கை விலகியது. கார் வளைவைத் தாண்டியது. வேகம் குறையவே இல்லை. கேலி செய்தவன் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, “ஏறுதுலே! ஏறுது!” என்று கூவினான். அருவியின் இரைச்சல் கேட்கிற உச்சியில் போய்க் கார் நின்றபோது மதினி உலகம்மையின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அண்ணன் எஞ்சின் மூடியை மாட்டின் முதுகைத் தடவுவதுபோலத் தடவினான்.

“அண்ணாச்சி, குதிரையை எண்ணிக்கிடுங்க!” என்றாள் சொக்கம்மாள்.

தங்கசாமி காரை விட்டு இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். யார் முகத்தையும் பார்க்காமல், சாரலில் நனைந்தபடி சரிவில் இறங்கி நடந்தார்.