முடியல

அக்காவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு சொல். ‘முடியல.’

அவள் சமூக உளவியலாளர். வேலை மனிதர்களை எப்படிச் சக்கையாகப் பிழிந்து போடுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பஸ் டிப்போ, கால் சென்டர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வருடக்கணக்கில் ஏறி இறங்கியதில் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. நொந்து நூலாகிப் போனவர்கள் யாரும் அதைப் பெரிய வார்த்தையில் சொல்வதில்லை. ‘முடியல’ என்கிறார்கள், அவ்வளவுதான். கேட்கிற மேலாளர் வேலைதான் இன்னும் முடியவில்லை போல என்று நினைத்து, நாளைக்குள் முடித்துவிடச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். முடியாமல் கிடப்பது வேலை அல்ல, ஆள். அதனால் தன்னிடம் வரும் மாணவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒரு கேள்வியைத்தான்: “எது முடியல? வேலையா, நீங்களா?”

தங்கை நர்ஸ். ஆள் பற்றாத வார்டில் இரண்டு பேர் வேலையை ஒருத்தியாக இழுத்துக்கொண்டிருந்தாள். அக்காவைக் கிண்டல் செய்வதில் அவளுக்குத் தனி ருசி. மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு அக்கா கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்தால், ஊருக்கெல்லாம் சகுனம் சொல்கிற பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் என்பாள். அக்காவும் சிரிப்பாள். அம்மா போன பிறகு ஒருத்திக்கு ஒருத்திதான் துணை.

பெரிய மாநாட்டுக்கு முந்தைய நாள் மதியம் தங்கையின் போன் வந்தது. அக்கா தன் பேச்சைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கொடுத்த நேரம் கைக்குட்டை அளவு, பேச்சோ போர்வை அளவு. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, என்ன விஷயம் என்று கேட்டாள்.

“முடியலக்கா.”

பின்னால் தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது. ஷிப்ட் இன்னும் முடியவில்லை போல என்று அக்கா எடுத்துக்கொண்டாள்.

“சரிம்மா, முடிஞ்சதும் கூப்பிடு.”

தங்கை “ம்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் அக்கா அந்தக் கேள்வியைச் சொன்னபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மேடையை விட்டு இறங்கிய கையோடு தலைமை நர்ஸிடமிருந்து போன். மருந்து அறை நாற்காலியில் உட்கார்ந்த தங்கை எழுந்திருக்கவே இல்லையாம். அழவில்லையாம், பேசவில்லையாம். கையில் பிடித்திருந்த மாத்திரை டப்பாவை விரல் விரலாகப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்ததாம்.

டாக்ஸியில் போகும்போதுதான் அந்த ‘முடியல’ அக்காவின் காதில் சரியாக விழுந்தது. இதே தப்புக்காக எத்தனை மேலாளர்களைத் தலைகுனிய வைத்திருப்பாள்.

தங்கை தான் வேலை பார்த்த அதே வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். யூனிபார்மை யாரோ மாற்றியிருந்தார்கள். கொண்டை ஊசிகள் மட்டும் தலையில் அப்படியே குத்தியிருந்தன. அக்கா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தாள். கேட்க வேண்டிய கேள்வி அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அதைக் கேட்காமல் தங்கையின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வெகுநேரம் கழித்துத் தங்கை முகத்தைத் திருப்பினாள். அதில் கோபம் இல்லை. அக்கா சொன்னபடி செய்யாமல் விட்டதற்கான வருத்தம்தான் இருந்தது.

“முடிஞ்சதும் கூப்பிடச் சொன்ன இல்லக்கா. முடிஞ்சிடுச்சு. கூப்பிடத்தான் தெம்பு இல்ல.”