இங்கே நிறுத்து, தண்ணீர் குடி

வீட்டில் அவளுக்குப் பெயரே வாயாடிதான். அவள் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் ஊருக்குப் போய்த் திரும்பி வரலாம். அப்போதும் பேச்சு முடிந்திருக்காது. அப்பேர்ப்பட்டவளுக்கு, வாழ்க்கையிலேயே முக்கியமாகப் பேசவேண்டிய நேரம் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. வெறும் காற்றுதான் வந்தது.

"ஒரு வாரம் மூச்! மீறிப் பேசினா குரலே போயிடும்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறாள். வருஷக்கணக்காகத் தற்காலிக வேலை. நாளைய உரை தேர்வுக் குழுவுக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தேதியை மாற்ற முடியாது, வேண்டுமானால் வேறு யாராவது வாசிக்கட்டும் என்றார் துறைத் தலைவர்.

"நான் படிக்கிறேன்" என்றான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

'ஐரோப்பிய ஊர்ப் பேரெல்லாம் வாயில நுழையுமா?' என்று எழுதிக் காட்டினாள்.

"தினம் சோத்தோட சேத்து இதைத்தானே ஊட்டுற? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

சாயங்காலம் முழுக்கப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, தாள்களின் ஓரத்தில் அவனுக்குக் குறிப்பு எழுதினாள். மெதுவாகப் படி. இங்கே நிமிர்ந்து பார். எட்டிப் பார்த்த மாமியார், "வாய் போனாலும் என் மருமக அதிகாரம் போகல" என்று சிரித்தார்.

மறுநாள் அரங்கு நிறைந்திருந்தது. துறைத் தலைவர் விஷயத்தைச் சொல்லி அவனை மேடையேற்றினார். மெஷினோடு மல்லுக்கட்டுகிற மனுஷனுக்கு இப்படி ஒரு கணீர்க் குரலா! ஓரக் குறிப்புகளையெல்லாம் அழகாகத் தாண்டித் தாண்டிப் படித்தான்.

அவள் ஆராய்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பேராசிரியர்களின் மனைவிகளை. நகல் எடுத்தது, மொழிபெயர்த்தது, பிழை திருத்தியது எல்லாம் அவர்கள். புத்தக அட்டையில் மட்டும் புருஷன் பெயர். அவர்களில் ஒருத்திமேல் அவளுக்குத் தனிப் பாசம். புருஷனின் உரைகளை முழுக்க எழுதிக்கொடுத்தவள் அந்தப் பெண்தான். ஓரத்தில் 'இங்கே இருமவும்' என்று குறிப்பு வேறு. அவர் இருமுவார், ஆஹா, மேதை யோசிக்கிறார் என்று ஊர் வாய்பிளக்கும்.

இதைப் படித்ததும் அரங்கமே சிரித்தது. தாமதமாக வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழு உறுப்பினர் அவள் பக்கம் சாய்ந்தார்.

"உங்க வீட்டுக்காரரா? என்னமா ஆராய்ச்சி பண்ணியிருக்கார்! நீங்க கொடுத்து வெச்சவங்க."

இல்லை, இல்லை என்று கையை ஆட்டினாள். அடக்கம் என்று நினைத்தாரோ என்னவோ, "இருக்கட்டும்மா, இருக்கட்டும்" என்றார் பாவி மனுஷன். கடைசியில் தனக்கும் அதே கதிதானா? கண்ணில் நீர் முட்ட மேடையைப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த தாளை எடுத்தான். அதே கணீர்க் குரலில் படித்தான்:

"இங்கே நிறுத்து. தண்ணீர் குடி. கூன் போடாதே."

அவன் நிறுத்தினான். தண்ணீர் குடித்தான். முதுகை நிமிர்த்தினான்.

அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பும் கைதட்டலும். எல்லாத் தலைகளும் முன்வரிசைக்குத் திரும்பின. பக்கத்து மனிதர் மேடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்போ இதெல்லாம்… நீங்களா?"

தலையாட்டினாள்.

"மன்னிச்சிருங்கம்மா" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

உரை முடிந்து குழு கூடிப் பேசிய பிறகு துறைத் தலைவர் அவளிடம் வந்தார். "குரல் வந்ததும் வந்து சேருங்க. இனிமே தற்காலிகம் இல்ல." அவள் கைகூப்பினாள். அவருக்கு மட்டுமல்ல; எந்த ஊர் மண்ணிலோ கிடக்கிற, இருமச் சொல்லிக்கொடுத்த அந்த மகராசிக்கும் சேர்த்துத்தான்.

பஸ் ஸ்டாப்பில் ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினாள்: 'தெரியாமப் படிச்சியா, தெரிஞ்சே படிச்சியா?'

"மத்த குறிப்பையெல்லாம் தாண்டத் தெரிஞ்சவனுக்கு இது தெரியாதா? அந்த ஆளு என்னமோ சொன்னார், உன் மூஞ்சி போன போக்கைப் பார்த்தேன். யாருக்குப் போகவேண்டிய பாராட்டை நான் வாங்கிட்டு நிக்கிறேன்னு புரிஞ்சுபோச்சு."

அவள் தாளைப் பிடுங்கி, 'ரொம்ப ரொம்ப நன்றி' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். எழுத்து நீரில் கலங்கித் தெரிந்தது.

"அட, அழாதே. நான் என்ன பெருசா செஞ்சுட்டேன்?" அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "அந்தப் பேராசிரியர் ஒரே ஒரு நாள் 'இங்கே இருமவும்'னு வாய்விட்டுப் படிச்சிருந்தா, நீ இத்தனை வருஷம் அந்தம்மாவைத் தேடி அலைஞ்சிருக்கவே வேண்டாம்."