மண் கேட்ட டெய்சி

ஜெபகுமாருக்கு மண் என்றாலே ஆகாது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் இருபது வருடமாக, வேலை முடிந்து வருகிறவர்களின் கையிலும் காலிலும் கதிர்வீச்சுத் தூசு ஒட்டியிருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கிற உத்தியோகம். அந்தப் புத்தி குவார்ட்டர்ஸுக்கும் கூடவே வந்துவிட்டது. செருப்பு வாசலோடு சரி. ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வைக்கக்கூட அவர் மனைவி ரூத் மனுப் போட வேண்டும். அப்பேர்ப்பட்ட வீட்டில்தான் டெய்சி நாலு வருடமாகக் குடியிருந்தது. டெய்சி ஒரு பெண் இக்வானா. வாலோடு சேர்த்து நாலடி நீளப் பச்சை ஓணான். மாற்றலாகிப் போன பக்கத்து வீட்டு ஹேமந்த் குட்டியாக விட்டுப்போனது. அதன் கூண்டை ஜெபகுமார் தினமும் இரண்டு வேளை துடைப்பார்.

மாசி பிறந்ததும் டெய்சி தின்பதை நிறுத்தியது. முருங்கைக்கீரையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது. விடிந்தால் போதும், கூண்டின் தரையைப் பிறாண்டும். நகம் உடைந்துவிடுமே என்று ஜெபகுமார் ரப்பர் பாய் விரித்தார். பாயையும் பிறாண்டியது. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டார்.

"இன்னாங்க, அவ எதையோ தேடிகினு கீறா. கொஞ்சம் மண்ணு போட்டுப் பாப்பமே" என்றாள் ரூத்.

"மண்ணா? வூட்டுக்குள்ளயா? அதுக்கு வயித்துல கேஸு. நீ சும்மா இரு."

பன்னிரண்டாம் நாள் காலை டெய்சி தலையைத் தூக்கவில்லை. ஜெபகுமார் அதைத் தலையணை உறையில் போட்டு ரூத் மடியில் வைத்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குக் காரை விரட்டினார்.

கால்நடை மருத்துவர் ஹரிப்ரியா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வயிறு முழுக்க இண்டு இடுக்கில்லாமல் வட்ட வட்டமாக அடைத்துக் கிடந்தது.

"எல்லாம் முட்டை. நாப்பது இருக்கும்."

ஜெபகுமாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா மேடம் சொல்றீங்க? இது ஆம்பள ஓணானக் கண்ணால பாத்ததே கெடையாது! வூட்டு வாசப்படி தாண்டுனதில்ல!" பெண் மேல் பழி வந்த தகப்பன் போலக் கத்தினார்.

"காலைல ஆம்லெட் சாப்பிட்டீங்களா? அந்தக் கோழி மட்டும் சேவலைப் பாத்துச்சா என்ன? பருவம் வந்தா முட்டை வரும் சார். ஆனா மண்ணைத் தோண்டிக் குழிக்குள்ளதான் இது போடும். குழி இல்லன்னா வெளிய விடாம உள்ளயே வெச்சிருந்து செத்துப்போகும். மண்ணு வெச்சிருந்தீங்கல்ல?"

ரூத் ஜெபகுமார் பக்கம் திரும்பவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. பன்னிரண்டு நாள் அந்த வாயில்லா ஜீவன் குழி கேட்டிருக்கிறது. இவர் நகத்தை வெட்டியிருக்கிறார். அடப்பாவி என்று தன்னையே வைதுகொண்டார்.

ஹரிப்ரியா கால்சியம் ஊசி போட்டார். "ரெண்டு நாள் பாப்போம். போடலன்னா ஆபரேஷன்தான். இந்த உடம்பு தாங்குமான்னு என்னால சொல்ல முடியல."

அன்று சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்குள் நாலு மூட்டை மண் வந்தது. சுமந்தது ஜெபகுமார்தான். பழைய தண்ணீர் டிரம்மை அறுத்துப் படுக்கையறையில் கிடத்தி, ஈர மண்ணைக் கையாலேயே அள்ளி நிரப்பினார். கட்டில் காலெல்லாம் சேறு. டெய்சியை உள்ளே விட்டார். அது அசையவில்லை. மறுநாளும் பகல் முழுக்க ஒன்றுமில்லை. ஆண்டவரே, இது என் கையாலயா சாகணும் என்று வாய்விட்டே அழுதார்.

மூன்றாம் நாள் காலை டிரம்முக்குள்ளிருந்து மண் பறந்தது. வெட்டுப்பட்ட நகத்தோடு தோண்டித் தோண்டி டெய்சி தலைகீழாக உள்ளே போயிற்று. மத்தியானம் வெளியே வந்தபோது வயிறு ஒட்டிப்போய், இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வந்ததும் ஓயவில்லை, மண்ணைத் தள்ளிக் குழியை மூடி, மூக்கால் அழுத்தி, மேலேயே படுத்துக்கொண்டது.

ஆண் சேராத முட்டை, அத்தனையும் கூமுட்டை. எடுத்துப் போட்டுவிடலாம் என்று ஜெபகுமார் குனிந்து கையை நீட்டினார். நாலு வருடத்தில் ஒரு தடவைகூடச் சீறாத டெய்சி, வாலைச் சுழற்றிப் பளாரென்று அவர் கன்னத்தில் அறைந்தது. கண்ணில் பொறி பறந்தது.

"எடுக்கல" என்றார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "எடுக்கல, தாயி."