லேப்பில் மிஞ்சிய பால்

இடுப்புக்குக் கீழே யாரோ கட்டையால் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது வாசுவுக்கு. காலையில் ஒன்றும் தெரியாது. பொழுது சாயும்போது காய்ச்சல் வரும், ராத்திரி சட்டை நனைய வேர்க்கும், விடிந்ததும் விட்டுவிடும். பால் கேன் தூக்கித் தூக்கி வந்த வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஷா ஆலம் நகரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவனுக்கு வேன் ஓட்டும் வேலை. பசும்பாலிலிருந்து புரதத்தைப் பிரித்து, வாழைநாரில் பூசி, புண்ணுக்குக் கட்டும் துணி செய்ய முடியுமா என்று அங்கே பார்க்கிறார்கள். பக்கத்து ஊரான கிள்ளானில் மாடு வைத்திருக்கும் தம்புசாமியிடமிருந்து பால் எடுத்து வருவான் வாசு. அதில் பாதிகூட அவர்களுக்குத் தேவைப்படாது. மிச்சத்தில் கிருமி கொல்லும் மருந்து கலந்து கொட்டிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். பாலில்லாத வெறும் தேத்தண்ணியில் வளர்ந்தவனுக்கு அது பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மிச்சத்தைக் கேனோடு கொண்டுபோய்க் கிள்ளானில் தண்டவாளத்தை ஒட்டிய மாரியம்மன் கோவிலில் இறக்கிவிடுவான். அபிஷேகம் முடிந்ததும் பூசாரி அதை நீட்டிய கைகளில் ஊற்றுவார். வாசுவும் குடிப்பான். நல்ல கெட்டிப் பால் என்று பூசாரி சொல்லும்போது அவனுக்குப் பெருமையாக இருக்கும்.

அன்று மத்தியானம் தலைமை ஆராய்ச்சியாளர் ரஞ்சனி எல்லாரையும் கூப்பிட்டார். தம்புசாமியின் மாடுகளுக்குப் புருசெல்லா என்ற கிருமி இருப்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டதாம். பச்சைப் பால் வழியாக மனிதருக்கும் வரும். காய்ச்சல் அடிக்கும், இடுப்பும் மூட்டும் வலிக்கும். மருந்து உண்டு, ஆனால் கர்ப்பிணிகளுக்கு வந்தால் கரு கலையலாம் என்றார். யாராவது குடித்தீர்களா, கையுறை இல்லாமல் தொட்டீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

"இல்ல டாக்டர்," என்றான் வாசு. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மாட்டுக்குச் சினை கலைந்து கன்று வீசும் நோய். அவன் தங்கை தனலெட்சுமிக்கு இது ஐந்தாம் மாதம். முன்னால் இரண்டு கலைந்துபோய், அம்மனிடம் அழுது நின்று தங்கிய கரு. அவள் வெள்ளி தவறாமல் அந்தப் பாலை இரண்டு கையும் ஏந்தி வாங்கிக் குடித்திருந்தாள்.

வேனுக்குள் உட்கார்ந்து அவளுக்குப் போன் போட்டான். சாயங்காலமானால் காய்ச்சல் வருகிறது, இடுப்பு விட்டுப்போகிறது, பிள்ளைத்தாச்சிக்கு இதெல்லாம் இருக்கும் என்று மாமியார் சொல்கிறார் என்றாள். கிளம்பி நில், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னான்.

அவள் புருஷன் லோகனும் வேனில் ஏறிக்கொண்டான். "என்ன மச்சான், லேப்புல வேன் ஓட்டி ஓட்டி நீங்களும் டாக்டர் ஆயிட்டீங்களா?" என்று சிரித்தான். வாசு ரோட்டையே பார்த்து ஓட்டினான். வழியெல்லாம் சொல்ல வாயெடுத்தான். ஒவ்வொரு சிக்னலிலும் அடுத்த சிக்னலில் சொல்லலாம் என்று பட்டது.

ஆஸ்பத்திரியில் பார்த்தவர் சின்ன வயது டாக்டர், தமிழ்ப் பெண். டெங்கிக்குப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்றவர், ரத்தம் எடுக்கக் கையில் பட்டை கட்டிக்கொண்டே, சாயங்காலம் மட்டும் வரும் காய்ச்சல் என்பதால் இன்னொன்றும் கேட்டார்.

"காய்ச்சாத பால் ஏதும் குடிச்சீங்களா?"

"இல்லையே டாக்டர். வீட்டுல டப்பாப் பால்தான்."

அவள் பொய் சொல்லவில்லை. கோவிலில் குடித்ததை அவள் பால் என்று நினைத்ததே இல்லை. டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். சும்மா இருந்தால் போதும், வேலை போகாது, லோகன் இன்னும் சிரித்துக்கொண்டே இருப்பான். வாசு டாக்டரின் மேசைப் பக்கம் போனான்.

"குடிச்சிருக்கா டாக்டர். கோவில்ல. சீக்கு மாட்டுப் பால். நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்."

"அது தீர்த்தம்ண்ணே," என்றாள் தனலெட்சுமி, அண்ணனுக்கு விவரம் தெரியாத மாதிரி. பிறகு அவள் கை மெதுவாக வயிற்றுக்குப் போனது. லோகன் எழுந்து வந்து அவளுக்கும் வாசுவுக்கும் நடுவில் நின்றுகொண்டான்.

ஸ்கேனில் துடிப்பு இருந்தது. மருந்தை இன்றே தொடங்கலாம், கரு தங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். பிறகு வாசுவின் கையிலும் ரத்தம் எடுத்துக்கொண்டு, வேறு யாரெல்லாம் குடித்தார்கள் என்று கேட்டார்.

பூசாரி. வரிசையில் பிள்ளையைத் தூக்கி வைத்து நின்றவர்கள். படுத்துக் கிடப்பவர்களுக்கென்று போத்தலில் வாங்கிப் போனவர்கள். என்ன குடித்தோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் அந்த உண்மையை அவன் இன்னும் சொல்ல வேண்டியிருந்தது.